வலிப்பு நோயும் ஆன்டிஆக்ஸிடன்ட் கூட்டு மருந்தும்: எலி ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ப்ரோக்கோலிச் சத்தையும் சளி மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் ஃபிட்ஸ் குறைகிறது, ஆய்வில் நிரூபணம்" என்ற மாதிரியான செய்திகள் அவ்வப்போது கைபேசிக்கு வந்து விழுகின்றன. வீட்டில் வலிப்பு நோயாளி இருப்பவர்களுக்கு இதைப் பார்த்ததும் ஒரு நப்பாசை வருவது இயல்புதான். அந்த ஆய்வு பொய்யில்லை. நல்ல ஆய்வு, நல்ல இதழில் வந்தது. ஆனால் அது சொன்னது வேறு, செய்தி சொல்வது வேறு. அந்த இடைவெளியில் வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறோம்?

2017-இல் 'பிரெயின்' என்ற நரம்பியல் இதழில் வெளியானது. இத்தாலியின் மிலான் நகரிலுள்ள மாரியோ நெக்ரி ஆய்வு நிறுவனத்தில் அன்னமரியா வெஸ்ஸானியின் குழு செய்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த மேத்யூ வாக்கர் போன்றவர்களும் அதில் உண்டு. எலிகளுக்குக் கொடுத்தவை இரண்டு ஆன்டிஆக்ஸிடன்ட்கள், அதாவது ஆக்ஸிஜனேற்றச் சேதத்தைத் தடுப்பவை: என்-அசிட்டைல்சிஸ்டீன், சல்ஃபோராஃபேன்.

முதலாவது நம் மருந்துக் கடைகளில் கிடைப்பதுதான். சளியை இளக்கக் கொடுக்கும் 600 மில்லிகிராம் மாத்திரை, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும், கூடவே அழுகின முட்டை மாதிரி லேசாக ஒரு கந்தக வாடை வரும். பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் முறிவு மருந்தாக ஏற்றுவதும் இதையேதான். இரண்டாவது ப்ரோக்கோலி, முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்களிலிருந்து வருவது.

எலிக்கு வலிப்பு நோய் எப்படி வருகிறது?

வரவைக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்து, மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் மெல்லிய மின்முனையைப் பொருத்துகிறார்கள். எலி தேறிய பிறகு அதன் வழியாக மின் தூண்டல் கொடுத்தால் நிற்காத தொடர் வலிப்பு தொடங்குகிறது. மனிதர்களுக்கு ஐந்து நிமிடத்தைத் தாண்டி வலிப்பு நிற்காமல் போனால் அவசர நிலை என்கிறோமே, அதே வகை. வேறு ஆய்வகங்களில் மின்சாரத்துக்குப் பதில் கைனிக் அமிலம், பைலோகார்பின் போன்ற ரசாயனங்களைப் பயன்படுத்துவார்கள். முன்னது ஒரு சிவப்புக் கடற்பாசியிலும் பின்னது ஒரு தென் அமெரிக்கச் செடியிலும் முதலில் கண்டெடுக்கப்பட்டவை.

தொடர் வலிப்பு அடங்கியதும் எலி சாதாரணமாகத் திரியும், தின்னும், தூங்கும். வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை. உள்ளே மூளை மெதுவாக மாறிக்கொண்டிருக்கிறது. சில நாள்களோ வாரங்களோ கழித்து, எந்தத் தூண்டலும் இல்லாமல் தானாகவே முதல் வலிப்பு வரும். அதற்கப்புறம் அது வலிப்பு நோயுள்ள எலி.

வலிப்பின் தீவிரத்தை அளக்க, 1972-இல் ரோனால்ட் ரசீன் வகுத்த ஐந்து படிகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள். முதலில் வாயும் முகமும் மட்டும் துடிக்கும், எதையோ மெல்வதுபோல இருக்கும். அடுத்து தலை ஆடும். மூன்றாவதில் முன்கால் வெட்டும். நான்காவதில் எலி பின்கால்களில் எழுந்து நிற்கும். ஐந்தாவதில் எழுந்து, நிலைகுலைந்து விழும். இரவும் பகலும் வீடியோவும், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் ஓட, பிறகு ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுவார். "வலிப்பு குறைந்தது" என்ற ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது இந்த எண்ணிக்கைதான்.

நடுவில் அந்த அமைதியான காலத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் அங்கேதான் நடக்கிறது.

ஆக்ஸிஜனுக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம்?

மூளையின் எடை உடம்பில் சுமார் 2 சதவீதம். ஆனால் உடம்பு ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. வலிப்பின்போது நரம்பணுக்கள் ஒன்றாகக் கொந்தளிப்பதால் செலவு இன்னும் ஏறும். அப்போது என்ஏடிபிஹெச் ஆக்ஸிடேஸ் என்ற நொதியும் மைட்டோகாண்ட்ரியாவும் வினைபுரியும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை அளவுக்கு மீறிக் கக்குகின்றன. மூளை கொழுப்பு நிறைந்த உறுப்பு. அதிலும் எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் வகைக் கொழுப்பு. ஆகவே சேதம் வேகமாகப் பரவும்.

இதைத் தடுக்க உடம்பே வைத்திருக்கும் முக்கியமான பொருள் குளூட்டாதயோன். தொடர் வலிப்புக்குப் பின் அது கரைந்துபோகிறது. மிலான் குழு எலிகளோடு நிறுத்தவில்லை. தொடர் வலிப்புக்குப் பின் இறந்த மனிதர்களின் ஹிப்போகாம்பஸையும் சோதித்தது. அங்கேயும் இதே சேதத்தின் தடயங்கள் இருந்தன.

ஒரு மருந்து போதாதா? ஏன் இரண்டு?

குளூட்டாதயோன் மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்து உருவாவது. அதில் தட்டுப்பாடு வருவது சிஸ்டீனுக்குத்தான். அசிட்டைல்சிஸ்டீன் அந்தச் சிஸ்டீனைக் கொண்டுவந்து கொடுக்கிறது. சல்ஃபோராஃபேன் வேறு வழியில் போகிறது. செல்லுக்குள் என்ஆர்எஃப்-2 என்றொரு புரதம் இருக்கிறது, அதைக் கீப்-1 என்ற இன்னொரு புரதம் பிடித்து வைத்திருக்கும். சல்ஃபோராஃபேன் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. விடுபட்ட என்ஆர்எஃப்-2 உட்கருவுக்குள் போய், குளூட்டாதயோன் தயாரிக்கும் நொதிகள் உட்படப் பல பாதுகாப்பு ஏற்பாடுகளை முடுக்கிவிடும்.

அரிசி ஆலைக்கு நெல் மூட்டை அனுப்புவது ஒன்று, ஆலையையே இரண்டு ஷிப்ட் ஓட்டச் சொல்வது இன்னொன்று. நெல் இல்லாமல் ஓட்டினாலும், ஓட்டாமல் நெல்லைக் குவித்தாலும் அரிசி அவ்வளவாக வராது. ஆய்விலும் அப்படித்தான். தனித்தனியே கொடுத்ததைவிடச் சேர்த்துக் கொடுத்தபோது ஆக்ஸிஜனேற்றச் சேதம் நன்றாகக் கட்டுப்பட்டது.

கூட்டு மருந்து என்றதும் நாலைந்து சத்து மாத்திரைகளை ஒன்றாக விழுங்குவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெவ்வேறு இடத்தில் வேலை செய்யும் இரண்டைத் தேர்ந்தெடுத்ததில்தான் இதன் சூட்சுமம்.

முடிவு என்ன? வலிப்பு நின்றுவிட்டதா?

இல்லை. செய்திகளில் விடுபட்டுப்போவது இதுதான்.

தொடர் வலிப்பை ஏற்படுத்தியபின் இரண்டு வாரம் மட்டும் மருந்து கொடுத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். மருந்து பெற்ற எலிகளிலும் வலிப்பு நோய் வந்தவற்றின் விகிதம் குறையவில்லை. ஆனால் நோய் தாமதமாகத் தொடங்கியது. மற்ற எலிகளுக்கு இரண்டாம் மாதத்துக்கும் ஐந்தாம் மாதத்துக்கும் இடையே நோய் முற்றியது, இவற்றுக்கு முற்றவில்லை. ஐந்தாம் மாதத்தில் எண்ணிப் பார்த்தபோது தானாக வரும் வலிப்புகள் வெகுவாகக் குறைந்திருந்தன. வந்த வலிப்பு ஒவ்வொன்றும் நீடித்த நேரம் மட்டும் மாறவில்லை. ஹிப்போகாம்பஸில் நரம்பணு இழப்பு குறைவாக இருந்தது, அறிவுத்திறன் பாதிப்பும் சரியானது.

இரண்டு வாரம் கொடுத்த மருந்தின் பலன் ஐந்தாம் மாதத்தில் தெரிகிறது என்பது சாதாரண விஷயமில்லை. இன்று நாம் சாப்பிடும் வலிப்பு மாத்திரைகள் வலிப்பை அடக்குகின்றன. மாத்திரையை விட்டால் வலிப்பு திரும்பலாம். நோய் உருவாகும் போக்கையே மாற்றும் மருந்து மனிதர்களுக்கு இன்னும் கைக்கு வரவில்லை. என்னைக் கேட்டால், இந்த ஆய்வின் மதிப்பு "வலிப்பு குறைந்தது" என்பதில் இல்லை, "மருந்தை நிறுத்திய பிறகும் குறைந்தே இருந்தது" என்பதில் இருக்கிறது.

ஏன் அப்படி என்பதற்கு அவர்கள் ஒரு விளக்கமும் வைத்தார்கள். ஹெச்எம்ஜிபி-1 என்ற புரதம் ஆக்ஸிஜனேற்றம் அடையும்போது மூளையில் அழற்சியைத் தூண்டி, வலிப்புக்கு வழி செய்கிறது. சேதம் குறைந்த எலிகளில் இந்தப் புரதம் புதிதாக உருவாவது தடைபட்டது. இதை மூளையில் மட்டுமல்ல, ரத்தத்திலும் அளக்க முடிந்தது.

இதுதான் முதல் கூட்டு முயற்சியா?

இல்லை, இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. தலையில் அடிபட்டு மூளைக்குள் ரத்தம் கசிந்தவர்களுக்குப் பின்னாளில் வலிப்பு வருவது ஏன் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் வில்மோர். ரத்தத்திலுள்ள இரும்பின்மேல் அவருக்குச் சந்தேகம். 1978-இல் இரும்பு குளோரைடை எலியின் பெருமூளைப் புறணியில் செலுத்தி, அதுவே வலிப்பு மையத்தை உண்டாக்கப் போதும் என்று காட்டினார். 1981-இல் வைட்டமின் இ-யையும் செலினியத்தையும் முன்கூட்டியே கொடுத்து, அந்தப் பாதிப்பைத் தடுக்க முடிகிறது என்று எழுதினார்.

அந்த 'முன்கூட்டியே'தான் சிக்கல். நாளைக்கு பைக்கிலிருந்து விழப்போகிறேன் என்று தெரிந்து இன்றைக்கே மாத்திரை சாப்பிடுபவர் யார்?

2019-இல் லண்டன் குழு வேறொரு ஜோடியை முயன்றது. ஏஇபிஎஸ்எஃப் என்ற பொருள் என்ஏடிபிஹெச் ஆக்ஸிடேஸை முடக்கி, வினைபுரியும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளின் உற்பத்தியைக் குறைக்கும். ஆர்டிஏ-408 என்ற பொருள் என்ஆர்எஃப்-2 வழியாகப் பாதுகாப்பை ஏற்றும். தொடர் வலிப்புக்குப் பின் இதைப் பெற்ற எலிகளில் 40 சதவீதத்துக்கு வலிப்பு நோயே வரவில்லை. 8 வாரம் கழிந்தபோது 70 சதவீதம் வலிப்பின்றி இருந்தன. ஏற்கெனவே நோய் நிலைத்துவிட்ட எலிகளிலும் தீவிரம் குறைந்தது. இவற்றில் ஆர்டிஏ-408 என்பது பின்னர் ஒமாவெலொக்சோலோன் என்ற பெயரில், ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற அரிய நரம்பு நோய்க்காக 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏஇபிஎஸ்எஃப் ஆய்வகப் பொருள், மனிதர்களுக்கான மருந்து அல்ல.

என் மகனுக்குப் பத்து வருடமாக ஃபிட்ஸ். அவனுக்கு இது உதவுமா?

மிலான் ஆய்வின் கேள்வியே வேறு. மூளையில் அடிபட்ட கையோடு, நோய் உருவாகும் முன், ஒரு குறுகிய காலத்துக்குக் கொடுத்தால் பின்னால் என்ன ஆகும் என்றுதான் அவர்கள் பார்த்தார்கள். பத்து வருடமாக நிலைத்த நோய்க்கு அந்த வாசல் மூடிவிட்டது. லண்டன் ஆய்வு அந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, ஆனால் கடையில் கிடைக்காத மருந்தைக் கொண்டு.

யாருக்கு இது பொருந்தலாம் என்று கேட்டால், புதிதாகத் தொடர் வலிப்பு வந்து ஐ.சி.யு.வில் இருப்பவர், தலையில் பலத்த காயம்பட்டவர், பக்கவாதம் வந்தவர் போன்றவர்கள். அமெரிக்காவில் 1998-இல் வெளியான ஒரு ஆய்வில், மூளைக் காய்ச்சல், பக்கவாதம், காயம் போன்ற உடனடிக் காரணத்தால் தொடர் வலிப்பு வந்தவர்களில் 41 சதவீதத்தினருக்குப் பத்து ஆண்டுக்குள் காரணமின்றி மறுபடி வலிப்பு வந்தது. அதே காரணங்களால் சிறிது நேரமே வலிப்பு வந்தவர்களில் இது 13 சதவீதம். முதல் கூட்டத்துக்கு ஏதாவது செய்ய முடியுமா என்பதே இந்தத் துறையின் தேடல்.

மனிதர்களுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்துப் பார்த்ததே இல்லையா?

பார்த்திருக்கிறார்கள், வைட்டமின் இ-யைக் கொண்டு. 1989-இல் கனடாவில் 24 குழந்தைகளிடம் நடந்த சோதனை பிரபலமானது. வழக்கமான மருந்தோடு வைட்டமின் இ பெற்ற 12 பேரில் 10 பேருக்கு வலிப்பு நன்றாகக் குறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 12 பேரில் ஒருவருக்கும் இல்லை. கேட்கவே பிரமிப்பாக இருக்கிறது, இல்லையா? ஐந்து வருடம் கழித்து டெல்லியில் பெரியவர்களையும் சேர்த்து இதேபோல் சோதித்தபோது சொல்லும்படி பலன் தெரியவில்லை. 2005-இல் சென்னை நரம்பியல் மருத்துவர்கள் இருவர் வலிப்பு நோயில் வைட்டமின்கள் பற்றிய சோதனைகளையெல்லாம் திரட்டி, மருத்துவச் சான்றுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாக எழுதினார்கள். வழக்கமாகக் கொடுக்கும் அளவுக்கு நம்பகமான சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

முதல் சோதனையை மட்டும் படித்துவிட்டு மாத்திரை வாங்குபவர்கள் உண்டு. 24 பேர் என்பது மிகச் சின்னக் கூட்டம். சின்னக் கூட்டத்தில் அதிர்ஷ்டமும் உண்மையும் ஒரே முகத்தோடு வரும்.

ப்ரோக்கோலி சாப்பிட்டால் போதுமா? நம்மூர் மஞ்சள், முருங்கை?

ப்ரோக்கோலிக்குள் சல்ஃபோராஃபேன் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. அதன் முன்னோடிப் பொருள் ஒரு பக்கமும், அதை மாற்றும் மைரோசினேஸ் நொதி இன்னொரு பக்கமும் இருக்கும். நறுக்கும்போதும் மெல்லும்போதும்தான் இரண்டும் சந்திக்கின்றன. குழையக் குழைய வேகவைத்தால் நொதி செத்துவிடும். வெந்த ப்ரோக்கோலியில் கொஞ்சம் கடுகுத் தூளைத் தூவினால் சல்ஃபோராஃபேன் கூடுகிறது, ஏனென்றால் கடுகிலும் அந்த நொதி உண்டு. உடனே "நாம்தான் தினமும் கடுகு போடுகிறோமே" என்று பெருமைப்பட வேண்டாம். காயும் எண்ணெயில் பொரிந்த கடுகில் நொதி பிழைக்காது.

முருங்கையிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் இருக்கின்றன. மஞ்சளின் குர்குமினும் எலி ஆய்வுகளில் வலிப்பைக் குறைத்ததாக நிறையக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறுவதே சிரமம் என்பது அதன் பழைய தலைவலி.

சாப்பாட்டில் இவற்றைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் ஆய்வில் எலிகளுக்குப் போனது சாப்பாடு அல்ல, ஊசி வழியாகப் போன மருந்து. அளவும் பெரிது. ஒரு பேச்சுக்கு, எலிக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்றால், உடற்பரப்பு வைத்துக் கணக்கிடும் வழக்கமான முறையில் அதை 6.2-ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 4.8 கிராம் ஆகிறது. அதாவது மேலே சொன்ன நுரை மாத்திரையில் எட்டு. இது வெறும் கணக்கு, சாப்பிடச் சொல்லும் அளவு இல்லை.

இயற்கைப் பொருள்தானே, கெடுதல் என்ன வந்துவிடப்போகிறது?

2017-இல், அதாவது மிலான் ஆய்வு வந்த அதே வருடம், போலந்து நாட்டு ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு ஒரே தடவை அதிக அளவில் சல்ஃபோராஃபேன் கொடுத்துப் பார்த்தார்கள். வலிப்பு வரும் வாய்ப்பு கூடியது. தசை தளர்ந்தது, உடல் சூடு இறங்கியது, சில இறந்தும் போயின. அளவு மாறினால் அதே பொருள் எதிர்ப்பக்கம் சாய்கிறது.

மனிதர்களிடம் ஆட்டிசத்துக்காக சல்ஃபோராஃபேன் கொடுத்து 2014-இல் வெளியான ஒரு சோதனையில், அந்த மருந்தைப் பெற்ற இருவருக்கு வலிப்பு வந்தது. இருவருக்கும் முன்பே வலிப்பு வந்த வரலாறு இருந்தது. ஆகவே பழியை மருந்தின்மேல் மட்டும் போட முடியாது. ஆனாலும் வலிப்பு நோயாளி தானாக வாங்கிச் சாப்பிடுவதற்கு இது தடைக்கல்லாக இருந்தாக வேண்டும்.

அதைவிட நடைமுறையில் பெரிய ஆபத்து, வலிப்பு மாத்திரையோடு மோதுவது. அசிட்டைல்சிஸ்டீனோடு சேரும்போது கார்பமசெபைன் என்ற வலிப்பு மாத்திரையின் ரத்த அளவு தேவைக்குக் கீழே இறங்கலாம் என்று சில நாடுகளின் மருந்துக் குறிப்புகளே எச்சரிக்கின்றன. இறங்கினால் அடங்கியிருந்த வலிப்பு திரும்பும். மஞ்சள் கேப்ஸ்யூல்களில் உறிஞ்சும் திறனைக் கூட்ட மிளகிலிருந்து எடுத்த பைபரினைச் சேர்ப்பார்கள். அது ஃபெனிட்டாயின் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரையின் ரத்த அளவை ஏற்றும் என்று இந்தியாவில் நோயாளிகளிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஃபெனிட்டாயின் கொஞ்சம் ஏறினாலும் தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது, வாய் குழறுவது என்று வரும். ரசத்தில் போடும் மிளகைப் பற்றிய கவலை இல்லை இது, கேப்ஸ்யூலில் அடைத்த சாற்றைப் பற்றியது.

எலியில் பலித்தது மனிதரில் ஏன் பலிக்காமல் போகிறது?

எலிக்கு வலிப்பு எந்த நிமிடம் தொடங்கியது என்று ஆய்வாளருக்குத் தெரியும். மருந்தும் அதற்கேற்ப நேரத்துக்குப் போகும். மனிதர் ஆம்புலன்ஸ் பிடித்து, இரண்டு ஆஸ்பத்திரி மாறி, பெரிய மருத்துவமனைக்கு வரும்போது எவ்வளவு நேரம் போயிருக்கும்? அதோடு ஆய்வக எலிகள் ஏறத்தாழ ஒரே வயது, ஒரே இனம், பெரும்பாலும் ஆண். காரணமும் ஒன்றே. நம்மூரிலோ ஒருவருக்கு விபத்து, ஒருவருக்கு மூளையில் நாடாப்புழுக் கட்டி, ஒருவருக்குப் பிறக்கும்போது மூச்சுத்திணறல். பலன் தெரியாத எலி ஆய்வுகள் பல அச்சுக்கே வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலங்கு ஆய்வே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. ஃபெனிட்டாயின் வலிப்பை அடக்கும் என்பதை 1938-இல் மெரிட், புட்னம் என்ற அமெரிக்க மருத்துவர்கள் பூனைகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். இன்றும் ஏராளமானவர்கள் அதன் தயவில் இருக்கிறார்கள்.

அசிட்டைல்சிஸ்டீன் ஏற்கெனவே மனிதர்களுக்குக் கொடுக்கும் மருந்துதானே? நேரடியாகச் சோதித்துவிட வேண்டியதுதானே?

பாதி வேலை முடிந்தது என்பது உண்மை, பாதுகாப்பு பற்றி நிறையத் தெரியும். மீதிப் பாதிதான் கஷ்டம். வலிப்பு நோய் வராமல் தடுத்ததைக் காட்ட, ஆபத்தில் உள்ள நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்து, வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். அவர்களில் பலருக்கு மருந்தே இல்லாவிட்டாலும் வலிப்பு வராது, அதனால் எண்ணிக்கை இன்னும் ஏறும். காப்புரிமை முடிந்த மலிவான மருந்துக்கு இவ்வளவு செலவு செய்ய எந்தக் கம்பெனியும் வரிசையில் நிற்காது.

இங்கேதான் ஹெச்எம்ஜிபி-1 மறுபடி வருகிறது. யாருக்கு நோய் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதை ரத்தச் சோதனையில் முன்னரே கண்டுபிடிக்க முடிந்தால், அவர்களை மட்டும் சேர்த்துச் சின்னதாகச் சோதிக்கலாம். அந்த ஆசை இருக்கிறது, சோதனை இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை.

நான் ஏற்கெனவே இதில் ஏதோ ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது என்ன செய்வது?

முதலில், வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். சத்து மாத்திரை டப்பாவையோ அட்டையையோ அப்படியே நியூராலஜிஸ்ட்டிடம் கொண்டுபோங்கள். பெயரை மட்டும் சொன்னால் போதாது, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலில்தான் பைபரின் போன்றவை ஒளிந்திருக்கும். கார்பமசெபைன், ஃபெனிட்டாயின், வால்ப்ரோயேட் சாப்பிடுபவர்கள் ரத்த அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சத்து மாத்திரையைத் தொடங்கிய தேதியும், அதற்கப்புறம் வந்த வலிப்புகளின் தேதியும் ஒரு நோட்டில் இருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. சளிக்கென்று வேறு மருத்துவர் அசிட்டைல்சிஸ்டீன் எழுதினால், "எனக்கு வலிப்பு மாத்திரை ஓடுகிறது" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.